கழற்றுவதற்கு முன்



பெண்களுக்கான வாழ்வாதார உதவி என்று பேச்சு எழுந்தவுடன் எமது நாட்டில் மூன்று பொருட்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. தையல் இயந்திரம், கோழிக்கூடு, ஆட்டுக்குட்டி. பல வருடங்களாகச் சமூகப் பணியில் இருக்கும் நானும் இம்மூன்றையும் பலருக்குக் கையளித்திருக்கிறேன். அவற்றைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் நான் சென்று வந்த பல வீடுகளில் இவற்றைவிடப் பெறுமதி கூடிய இயந்திரம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. கணவனுடைய மோட்டார் சைக்கிள், ஓட்டோ, நீரிறைக்கும் இயந்திரம், லான்ட்மாஸ்டர் என்று ஏதோ ஒன்று. பழுதாகி, தறப்பாளால் மூடப்பட்டு, முற்றத்து ஓரத்தில் கறள் ஏறிக்கொண்டிருக்கும். "திருத்தலாமே?" என்று கேட்டால், "அதுக்கு ஆம்பிளை வேணும், காசும் வேணும்" என்று பதில் வரும்.

அப்படி நின்றுபோன ஒரு காரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அதன் எஞ்சினைத் திறந்து வீட்டிலேயே திருத்துவதற்கு நானும் என் சித்தியும் ஆயத்தமாகி வருகிறோம். இதை எழுதும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆனால் ஆறு கிழமைகளாக வேலை நடக்கிறது. முதற்தடவையாக ஒரு பெரிய திருத்தத்தில் இறங்குபவர், கழற்றுவதற்கு முன்பே வேலையின் பெரும்பகுதியை முடித்திருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆறு கிழமையில் நாம் அறிந்துகொண்டது.

விற்க முடியாத கார்

சித்தி கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கையில் இருக்கிறார். நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கார் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். சித்தப்பாவுடையது. 2008ஆம் ஆண்டு ஒருநாள் காலை வேலைக்கென்று வெளியே போன சித்தப்பா திரும்பி வரவில்லை. அதன்பிறகு ஒரு வருடம் சித்தி அந்தக் காரின் கதவைக்கூடத் திறக்கவில்லை. பின்னர் தானே பழகி, சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, மதியச் சோற்றுப் பார்சல்களை அதே காரில் ஏற்றிப் புறக்கோட்டைக் கடைகளுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். நாளொன்றுக்கு நாற்பது பார்சல். இரண்டு பிள்ளைகளும் அந்த வருமானத்தில்தான் படித்து முடித்தார்கள்.

இந்த வருடம் மாசி மாத அளவில் கார் சுகமில்லாமற் போனது. எஞ்சின் உதறியது. பின்னால் வெள்ளைப் புகை வந்தது. ரேடியேற்றரில் விட்ட தண்ணீர் கீழே ஒழுகாமலே குறைந்தது. ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றரை இலட்சம் ரூபா ஆகும் என்றார். என்ன பழுது என்று கேட்டதற்கு, "சொன்னால் விளங்காது அம்மா. பழைய இரும்புக்குக் குடுத்திட்டு வேற ஏதாவது வாங்குங்கோ" என்றார்.

விற்பது சித்திக்கு இலகுவான காரியமல்ல. காரின் பதிவு சித்தப்பாவின் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்ற வேண்டுமாயின் அவரது கையெழுத்து வேண்டும், அல்லது மரணச் சான்றிதழ் வேண்டும். "அவர் இல்லை எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ?" என்று சித்தி கேட்பார். இந்தக் கேள்வியை எத்தனையோ சகோதரிகளிடம் நான் கேட்டிருக்கிறேன். 2016ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள் அதற்குப் பதிலாக ஆள் காணக்கிடைக்காமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம் என்ற ஏற்பாடு வந்தது. சித்தி அதைப் பற்றி அறிந்திருக்கிறார். ஆனாலும் காரை விற்கும் எண்ணம் அவரிடம் இல்லை.

புதிதாக ஒன்றை வாங்குவதும் நடக்காத காரியம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களை மீண்டும் கொண்டுவர 2025 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. இடையில் 2022ஆம் ஆண்டு டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியது. நாட்டில் ஓடிய பழைய வாகனங்களின் விலையும் அதனோடு ஏறிவிட்டது. ஆகவே இருப்பதைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. கார் நின்றதிலிருந்து பார்சல்களை ஓட்டோவில் அனுப்புகிறார். நாளொன்றுக்கு 900 ரூபா. ஆறு கிழமையில் முப்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது. வைகாசியில் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவை. உதறுகிற எஞ்சினோடு அங்கே போகமுடியாது.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

"நாங்களே கழட்டுவம்" என்று முதலில் சொன்னவர் சித்திதான். எனக்குத் திகைப்பாக இருந்தது. அப்போது அவர் சொன்ன கதை இது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் எனப் பல பொருட்கள் தடைக்குள் அகப்பட்டன. அந்த வருடங்களில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனதும் அவைதான், மணமக்களை ஏற்றிப் போனதும் அவைதான். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைச் சில துளிகள் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் குறைந்த அளவிலேயே அமுக்குபவை. அதனால் தரம் குறைந்த எரிபொருளிலும் அவற்றால் ஓட முடிந்தது.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. மண்ணெண்ணெய் முழுமையாக எரியாது. உள்ளே கரி படியும். எரியாத மிச்சம் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். ஆகவே எஞ்சினின் தலைப்பகுதியை அடிக்கடி கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். இன்று கராஜில் பெரிய வேலையென்று சொல்லப்படுவது அன்று மாமரத்தடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சித்தியின் தகப்பன், அதாவது என் அம்மப்பா, வாடகைக் கார் ஓடியவர். அவர் கழற்றுவார். சித்தியும் அம்மம்மாவும் ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணி, சுளகில் வரிசையாக அடுக்குவார்கள். "கழட்டிறது அப்பு, ஆனால் எது எங்கயிருந்து வந்ததெண்டு எங்களிட்டத்தான் கேப்பார்" என்றார் சித்தி. அந்தச் சுளகின் வேலையைத்தான் இப்போது நாம் பெரிதாகச் செய்கிறோம்.

மோட்டார் வாகனத்தின் ஆரம்பத்திலும் இப்படியொரு பெண் இருந்தார். ஜேர்மனியைச் சேர்ந்த பேர்த்தா பென்ஸ் 1888 ஓகஸ்ட் மாதத்தில், கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரில் தன் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, அவருக்குச் சொல்லாமலே நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிச் சென்றார். வழியில் எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தேய்ந்துபோன பிரேக் கட்டைக்குச் சப்பாத்துத் தைப்பவரிடம் தோல் அடிப்பித்தார். பிரித்தானியாவின் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் இளவரசியாக இருந்தபோது, 1945இல் இராணுவத்தின் பெண்கள் பிரிவில் சேர்ந்து வாகனம் ஓட்டவும் திருத்தவும் பயிற்சி பெற்றவர். பெண்ணுக்குச் சொன்னால் விளங்காது என்பவர்களுக்கு இவற்றைச் சொல்லலாம்.

முதலில் நோயை அறிதல்

எதையும் கழற்ற முன் என்ன பழுது என்பதை நிச்சயப்படுத்த வேண்டும். சித்தியின் அயலில் இலங்கைப் போக்குவரத்துச் சபை டிப்போவில் மெக்கானிக்காக இருந்து இளைப்பாறிய ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் வந்து வேலை செய்யும் நிலையில் இல்லை. முழங்கால் வருத்தம். ஆனால் கதிரையில் இருந்து சொல்லித்தருவார். அவர் சொல்லச் சொல்ல நாம் பார்த்தோம்.

முதலாவது, ஒயில் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தோம். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். அத்துடன் காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டோம். தண்ணீர் கலந்த ஒயில் உள்ளே சுழலும் பாகங்களைக் காப்பாற்றாது. மேற்கொண்டு ஓடினால் சின்னச் செலவு பெரிய செலவாகிவிடும்.

இரண்டாவது, பிளக்குகளைக் கழற்றி, அமுக்க அளவு காட்டும் மானியை இரவல் வாங்கி, நான்கு சிலிண்டர்களையும் ஒவ்வொன்றாக அளந்தோம். ஒன்றும் நான்கும் 140 அளவில் காட்டின. இரண்டும் மூன்றும் 60ஐத் தாண்டவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர்கள் ஒருமித்துக் குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு இடையே உள்ள கஸ்கட் எரிந்துவிட்டது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்றார் பெரியவர்.

கஸ்கட் என்பது எஞ்சினின் உடலுக்கும் தலைக்கும் இடையில் வைக்கப்படும் மெல்லிய தகடு. மூடிக்கும் போத்தலுக்கும் இடையில் இருக்கும் வட்டத் தக்கை போன்றது. அது ஓரிடத்தில் விட்டுவிட்டால் தீயும் தண்ணீரும் ஒயிலும் தத்தமது பாதையை விட்டு மற்றப் பாதைக்குப் போகும். சித்தியின் காருக்கு வந்த நோய் இதுதான். சொன்னால் விளங்காத விடயம் இதில் எதுவுமில்லை.

வீட்டில் எது, பட்டறையில் எது

அடுத்ததாக ஒரு கொப்பியில் இரண்டு பக்கங்களைப் பிரித்தோம். ஒரு பக்கத்தில் வீட்டில் செய்யக்கூடியவை. மற்றப் பக்கத்தில் வெளியே கொடுக்க வேண்டியவை.

தலையைக் கழற்றுவது, கரி சுரண்டுவது, வால்வு தேய்ப்பது, புதுக் கஸ்கட் வைத்துப் பூட்டுவது ஆகியன வீட்டில் நடக்கும். வால்வு தேய்ப்பது பெண்களுக்குப் பழகிய வேலை. வால்வின் முகத்தில் ஒருவகைப் பசையைப் பூசி, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் முனையுள்ள ஒரு தடியை அதில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் இடையில் வைத்து உருட்ட வேண்டும். கீரை கடையும் மத்தை உருட்டுவது போலத்தான். எட்டு வால்வுக்கும் பொறுமை மட்டும் இருந்தால் போதும்.

ஆனால் சூடேறிய தலைப்பகுதி வளைந்திருந்தால் அதை வீட்டில் நிமிர்த்த முடியாது. அதன் அடிமுகத்தில் ஒரு நேரான உருக்குச் சட்டத்தை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை அடியில் செருகிப் பார்த்தால் வளைவு தெரியும். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துச் சீவி எடுக்க வேண்டும். எது எம்மால் முடியாது என்பதை முன்கூட்டியே எழுதி, அதற்குரிய காசை ஒதுக்கி வைத்தபோது சித்தியின் பயம் பாதி குறைந்துவிட்டது.

காசு விபரத்தையும் சொல்கிறேன். கஸ்கட் தொகுதி, ஒயில், வடிகட்டி, ரேடியேற்றர் குழாய்கள், பிளக்குகள், வால்வுப் பசை எல்லாமாக 28,000 ரூபா. இரண்டாங்கையாக வாங்கிய ஸ்பனர் தொகுதி 6,000 ரூபா. லேத்துக்கு ஒதுக்கியது 15,000 ரூபா. எதிர்பாராததற்கு 10,000 ரூபா. மொத்தம் 59,000 ரூபா. லேத் தேவைப்படாவிட்டால் அந்தக் காசு மிச்சம். இது ஒரே நாளில் வந்த காசல்ல. சித்தியின் சீட்டுக் காசும் நான் கிழமைக்குக் கிழமை கொடுத்ததும் சேர்ந்துதான் ஆறு கிழமை எடுத்தது.

பஞ்சிகாவத்தையில்

கொழும்பில் உதிரிப்பாகம் என்றால் மருதானைப் பக்கமுள்ள பஞ்சிகாவத்தைதான். அங்கே போகும் பெண்ணிடம், "மெக்கானிக்கை அனுப்புங்கோ" என்று சொல்லும் கடைகளும் உண்டு. எனவே கேள்விக்கு இடம் வைக்காமல் போக வேண்டும். எஞ்சின் இலக்கத்தை எழுதிக்கொண்டு போனோம். மொறிஸ் மைனரில் அந்த இலக்கம் 9எம் என்று தொடங்கினால் 948 சீசீ எஞ்சின், 10எம் என்று தொடங்கினால் 1098 சீசீ எஞ்சின். இரண்டுக்கும் சிலிண்டர் அகலம் வேறு. கஸ்கட்டும் வேறு. நாம் இலக்கத்தைச் சொன்னதும் கடைக்காரர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் எடுத்து வந்தார். செம்புக் கஸ்கட்டில் எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் முன் என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறது. அதையும் அங்கேயே பார்த்து வைத்தோம்.

ஸ்பனர் விடயத்திலும் ஒரு கவனம் தேவை. இந்தப் பழைய பிரித்தானியக் கார்களின் நட்டுகள் அங்குல அளவில் செய்யப்பட்டவை. ஜப்பான் வாகனங்களுக்குரிய மில்லிமீற்றர் ஸ்பனர் கிட்டத்தட்டப் பொருந்துவது போல இருக்கும். பலமாக இழுத்தால் சறுக்கி நட்டின் மூலையைத் தின்றுவிடும். பிறகு அந்த நட்டைக் கழற்றுவதே தனி வேலையாகிவிடும். சித்தப்பா வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் பல வருடம் இந்தக் கார் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் நின்றது. உப்புக்காற்று நட்டுகளில் ஏறியிருக்கிறது. ஆகவே கழற்றுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்தே தினமும் மாலையில் ஒவ்வொரு நட்டுக்கும் கறள் இளக்கும் எண்ணெய் இரண்டு துளி விடுகிறார் சித்தி. விளக்கு வைப்பது போல மறக்காமல் செய்கிறார்.

பேணி, கொப்பி, மட்டை

திருத்தும் முறையைச் சொல்லும் பழைய கைநூல் ஒன்றைப் பெரியவரிடம் இரவல் வாங்கி, காலி வீதியில் பிரதி எடுத்தேன். அது ஆங்கிலத்தில் இருக்கிறது. கடைகளில் வழங்கும் பெயர்கள் வேறு. சித்திக்கோ தமிழும் சிங்களமும்தான். எனவே கொப்பியில் மூன்று வரிசை போட்டோம். முதலாவது நூலில் உள்ள பெயர், இரண்டாவது கடையில் சொல்லும் பெயர், மூன்றாவது நாமே வைத்த பெயர். வால்வைத் தள்ளும் நீண்ட கம்பிக்குத் தள்ளுதடி என்று பெயர் வைத்தோம். அதன்மேல் ஏறி இறங்கும் பாகத்துக்கு ஊஞ்சல் என்று சித்தி பெயர் வைத்தார். பெயர் வைத்த பின் அந்தப் பாகங்கள் அந்நியமாகத் தெரியவில்லை.

கழற்றுவதை வைப்பதற்கு வெற்றுப் பால்மாப் பேணிகள் பன்னிரண்டு கழுவிக் காயவைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி எழுதியாகிவிட்டது. எட்டுத் தள்ளுதடிகளும் தத்தம் இடத்தோடு பழகித் தேய்ந்தவை. இடம் மாற்றிப் போடக்கூடாது. ஆகவே ஒரு தடித்த மட்டையில் எட்டுத் துளை போட்டு, ஒன்றிலிருந்து எட்டு வரை இலக்கமிட்டு, முன்பக்கம் எது என்றும் எழுதி வைத்திருக்கிறோம். கழற்றும்போதே ஒவ்வொன்றையும் அதில் குத்தி வைக்க வேண்டும். பிளக் வயர்கள் நான்குக்கும் நாடா ஒட்டி இலக்கம் போட்டாயிற்று. இந்த எஞ்சின் 1, 3, 4, 2 என்ற ஒழுங்கில்தான் தீப்பொறி எடுக்கும். வயர் மாறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஓடாது.

தம்பியின் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்தோம். கையாலும் வரைந்தோம். படம் எடுப்பவர் ஒரு கணம்தான் பார்க்கிறார். வரைபவர் எது எதனோடு சேர்கிறது என்று பார்த்தே ஆகவேண்டும்.

இதைச் செய்யும்போது எனக்கு இன்னொன்று தோன்றியது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டபோது எனக்குச் சின்ன வயது. அம்மா உறுதி, பிறப்புப்பத்திரம், மருந்து, பிள்ளைகளின் உடுப்பு என்று வெவ்வேறாக முடிந்து, எது எந்தப் பையில் என்று எங்களுக்கும் சொல்லிவைத்தார். அதற்குப் பின் எத்தனை இடத்தில் வீட்டைக் கட்டி அவிழ்த்தாலும் ஒரு பத்திரமும் தவறவில்லை. நீங்களும் அப்படிச் செய்தவர்கள்தான். ஓர் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதற்கு முதலில் வேண்டிய திறமை இதுவே. இதற்கு யாரும் எமக்குச் சான்றிதழ் தரவில்லை என்பதால் திறமை இல்லை என்று ஆகிவிடாது.

நாட்களும் பாதுகாப்பும்

சித்திரைப் புத்தாண்டுக்குப் புறக்கோட்டைக் கடைகள் சில நாட்கள் பூட்டப்படும். பார்சல் வேலை இல்லை. எனக்கும் விடுமுறை. எனவே அந்த நாட்களையே தெரிவுசெய்தோம். ஆனால் அதே நாட்களில் உதிரிப்பாகக் கடைகளும் லேத் பட்டறைகளும் பூட்டியிருக்கும் என்பதை யோசிக்க வேண்டும். ஆகவே புத்தாண்டுக்கு எட்டு நாட்களுக்கு முன்னரே தலையைக் கழற்றுவது, வளைவு இருந்தால் மறுநாளே லேத்துக்குக் கொடுப்பது, விடுமுறைக்குள் ஆறுதலாகப் பூட்டுவது என்று திட்டம். வாங்க வேண்டிய எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் முதல் நட்டில் கைவைப்போம்.

பூட்டும்போது இறுக்கும் அளவு முக்கியம். சித்தியின் காரில் தலையைப் பிடிக்கும் நட்டுகளுக்குக் கைநூல் சொல்லும் அளவு 40 அடி-இறாத்தல். அதை அளந்து காட்டும் ஸ்பனரைப் பெரியவர் ஒழுங்குசெய்து தந்திருக்கிறார். நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக, ஒரேயடியாக இறுக்காமல் சிறிது சிறிதாக இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். வால்வு இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். இவற்றையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி முற்றத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒயில் பட்ட கையால் கொப்பி புரட்ட முடியாது.

பாதுகாப்பு விடயங்களையும் கேளுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பற்றரி வயரை முதலில் கழற்ற வேண்டும். சமதரையில் நிறுத்திச் சில்லுகளுக்குக் கல் வைக்க வேண்டும். ஜக்கில் மட்டும் நிற்கும் வாகனத்தின் கீழே எக்காரணம் கொண்டும் போகக்கூடாது. தலைமுடியை முடிந்து, சேலையையும் சால்வையையும் தவிர்த்து, வளையலையும் தாலிக்கொடியையும் கழற்றிவைப்பது நல்லது. பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது. ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும். வார்ப்பிரும்பாலான தலைப்பகுதி பாரமானது. அதை ஒருவர் தனியே தூக்கக்கூடாது. கழிவு ஒயிலைக் கானுக்குள் ஊற்றாமல் பேணியில் அடைத்துச் சேவிஸ் நிலையத்தில் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளை அன்று வேறு வீட்டில் விட்டுவிடுவது சிறந்தது.

உங்கள் முற்றத்தில்

உங்களிடம் மொறிஸ் மைனர் இல்லாதிருக்கலாம். ஆனால் ஓட்டோவுக்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இதே ஒழுங்குதான். முதலில் பழுதை அறியுங்கள். செய்யக்கூடியதையும் வெளியே கொடுக்க வேண்டியதையும் பிரித்து எழுதுங்கள். பாகங்களைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கழற்றும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமும் இலக்கமும் கொடுங்கள். கேட்பதற்கு ஒருவரைத் தேடி வையுங்கள். இவ்வளவும் செய்த பின், இறுதியில் கராஜுக்கே கொடுக்க நேர்ந்தாலும் நட்டமில்லை. என்ன பழுது, எந்தப் பாகம், என்ன விலை என்று அறிந்த பெண்ணிடம் சொல்லப்படும் கணக்கு வேறாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இருந்தால் அவர்களைத் தடுக்காதீர்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் மோட்டார் வாகனத் துறையும் இருக்கிறது. அது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. அனுபவத்தால் தொழிலைக் கற்றவர்களின் திறமையைப் பரீட்சித்துத் தேசியத் தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் நாட்டில் உண்டு. உங்கள் பிரதேச செயலகத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள்.

சித்தியிடம் ஒருநாள், "எல்லாம் செய்தும் ஓடாமல் விட்டால்?" என்று கேட்டேன். ஒயில் வடிக்கும் தாச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஓடாட்டி ஏன் ஓடேல்லை எண்டு தெரியும்தானே பிள்ளை. இவ்வளவு காலமும் அதுவும் தெரியாமல் எல்லோ இருந்தனான்." புத்தாண்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. வாங்குவதற்கு மிச்சம் ஒரே ஒரு ரேடியேற்றர் குழாய்தான். சனிக்கிழமை இருவருமாகப் போய் வாங்கிவிடுவோம்.